வாசகர்களும் நடுவர் ஆகலாம்: சைபில்ஸ் விருது சொல்லித் தரும் எக்ஸெல் பாடம்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் பெற்றவர்கள், முதல் சில வாரங்களில் மெயில் பார்ப்பார்கள், பாட்டு கேட்பார்கள், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுவார்கள். அதன் பின்னர், "இதை வைத்துக் கொண்டு உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி கட்டாயம் எழும். அமெரிக்காவிலும் கனடாவிலும் சில வாசகர்கள் 2006 ஆம் ஆண்டில் இதற்கு அழகான ஒரு விடையைக் கண்டார்கள். வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரையும் இணையத்தையும் மட்டும் வைத்துக் கொண்டு, சிறுவர் மற்றும் இளையோர் புத்தகங்களுக்கென ஒரு விருதையே நடத்திக் காட்டினார்கள். அதன் பெயர் சைபில்ஸ்.

அந்த விருது எப்படி நடந்தது, அதில் என்னென்ன விதிகள் இருந்தன, அந்த விதிகளை உங்கள் வீட்டில் எக்ஸெல் புரோகிராமில் எப்படி அமைத்துப் பார்க்கலாம் என்பதை இந்தப் பாடத்தில் தருகிறேன். இதற்கு முன்னர் எக்ஸெல்லைத் திறந்து கூடப் பார்க்காதவர்களும் இதனைச் செய்து பார்க்கலாம். எக்ஸெல் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். மெனு பெயர்களில் சிறு மாறுதல் இருக்கும். வழிமுறை ஏறத்தாழ ஒன்றுதான்.

சைபில்ஸ் என்பது என்ன?

"சில்ட்ரன்ஸ் அண்ட் யங் அடல்ட் புளாக்கர்ஸ் லிட்டரரி அவார்ட்ஸ்" என்ற நீண்ட பெயரைச் சுருக்கியதே சைபில்ஸ். சிறுவர் புத்தகங்களைப் படித்து வலைப்பதிவுகளில் விமர்சனம் எழுதி வந்த ஆன் போல்ஸ் லெவி, கெல்லி ஹெரால்ட் என்ற இருவர் இதனை 2006 ஆம் ஆண்டில் தொடங்கினர். நடுவர்களாக வந்தவர்களும் இவர்களைப் போன்றவர்களே. நூலகர்கள், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் பெற்றோர் எனப் பலரும் இருந்தனர். அனைவரும் தன்னார்வலர்கள். வெவ்வேறு ஊர்களில் வசித்த இவர்கள் ஓர் அறையில் கூடவில்லை. அவரவர் வீட்டிலிருந்தே இணையம் வழியே பேசி முடிவு செய்தார்கள்.

இது ஏன் தேவைப்பட்டது?

அமெரிக்காவில் சிறுவர் புத்தகங்களுக்கு விருதுகள் இல்லாமல் இல்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 1922 முதல் நியூபெரி பதக்கத்தையும், படப் புத்தகங்களுக்கு 1938 முதல் கால்டெகாட் பதக்கத்தையும் வழங்கி வருகிறது. நியூபெரி குழுவில் 15 பேர் இருப்பார்கள். அவர்கள் கூடிப் பேசுவது ரகசியம். இவை இலக்கியத் தரத்தை முன்னிறுத்தும் விருதுகள். ஒரு புத்தகம் பிள்ளைகளிடம் எவ்வளவு பிரபலம் என்பது இவற்றின் அளவுகோல் இல்லை.

மறுபக்கம், 2005 முதல் 2007 வரை குவில் விருதுகள் என்று ஒன்று நடந்தது. அதில் பொதுமக்களின் ஓட்டுக்கு முக்கிய இடம் இருந்தது. ஓட்டு என்றால் ஏற்கனவே நன்கு விற்ற புத்தகத்திற்கும், பெயர் பெற்ற எழுத்தாளருக்கும்தானே அதிகம் விழும்? அதிகம் பேர் அறியாத நல்ல புத்தகம் அங்கே ஜெயிப்பது கடினம்.

இந்த இரண்டிற்கும் நடுவே ஒரு வழி தேவை என்று நினைத்தார்கள் சைபில்ஸ் தொடங்கியவர்கள். எழுத்துத் தரமும் இருக்க வேண்டும். பிள்ளை விரும்பிப் படிக்கவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் விருது இல்லை என்பதே அவர்கள் வைத்த அளவுகோல்.

இது வெறும் வாதத்திற்காகச் சொன்னது அல்ல. 2008 அக்டோபரில், "ஸ்கூல் லைப்ரரி ஜர்னல்" இதழில், சிறுவர் இலக்கிய வல்லுநரான அனிதா சில்வி, நியூபெரி தன் வழியைத் தவறவிட்டதா என்ற கேள்வியை எழுப்பி ஒரு கட்டுரை எழுதினார். அண்மையில் விருது பெற்ற புத்தகங்கள் பிள்ளைகளைக் கவரவில்லை என்ற முறையீடு அதில் இருந்தது. அங்கே விருது பெற்ற புத்தகத்தைப் பள்ளிகளும் நூலகங்களும் வாங்குகின்றன. அது பல ஆண்டுகள் அலமாரியில் இருக்கும். எனவே நடுவர்கள் யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது, ஒரு பிள்ளையின் கைக்கு எந்தப் புத்தகம் போய்ச் சேருகிறது என்பதையே தீர்மானிக்கிறது.

இரண்டு சுற்றுகள், இரண்டு குழுக்கள்

சைபில்ஸ் நடந்த முறையை வரிசையாகப் பார்க்கலாம்.

1. முன்மொழிவு: அக்டோபர் மாதத்தின் முதல் பாதியில், யார் வேண்டுமானாலும் புத்தகங்களை முன்மொழியலாம். ஆனால் ஒருவர் ஒரு பிரிவில் ஒரு புத்தகத்தை மட்டுமே சொல்லலாம். ஒரு புத்தகத்தை ஒருவர் சொன்னாலே போதும். அது போட்டிக்கு வந்துவிடும். நூறு பேர் அதையே விரும்பினாலும் கூடுதல் பயன் இல்லை. இது ஓட்டு அல்ல என்பதைக் கவனிக்கவும்.

2. முதல் சுற்று: அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஒவ்வொரு பிரிவிற்கும் உள்ள முதல் குழு, வந்த புத்தகங்களைத் தங்களுக்குள் பிரித்துக் கொண்டு படிக்கும். புத்தாண்டையொட்டி, ஐந்து முதல் ஏழு புத்தகங்கள் கொண்ட குறும்பட்டியல் வெளியாகும்.

3. இரண்டாம் சுற்று: வேறு நடுவர்களைக் கொண்ட இரண்டாவது குழு அந்தக் குறும்பட்டியலை மட்டும் முழுமையாகப் படித்துப் பேசி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். முடிவு பிப்ரவரி 14 அன்று அறிவிக்கப்படும்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது குழுக்களைப் பிரித்ததுதான். நூறு புத்தகங்களுக்கு மேல் புரட்டிய நடுவருக்கு, தானே போராடிப் பட்டியலில் சேர்த்த புத்தகத்தின் மீது தனிப் பாசம் வந்துவிடும். இரண்டாவது குழுவிற்கு அந்தப் பழைய கணக்கு எதுவும் இல்லை. புதிய கண்களுடன் படிப்பார்கள்.

முதல் ஆண்டின் முடிவுகள்

2006 ஆம் ஆண்டிற்கான முதல் விருதுகள் 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டன. கதைப் படப் புத்தகப் பிரிவில் மெலனி வாட் எழுதி வரைந்த "ஸ்கேர்டி ஸ்குவிரல்", இளையோர் நாவல் பிரிவில் மார்கஸ் சூசக் எழுதிய "தி புக் தீப்", கற்பனை நாவல் பிரிவில் ஜோனதன் ஸ்ட்ரவுட் எழுதிய "டாலமிஸ் கேட்" ஆகியவை பரிசு பெற்றன. படக்கதை நாவல்களில் இளையோருக்கான பிரிவில் ஜீன் லுவென் யாங்கின் "அமெரிக்கன் பார்ன் சைனீஸ்" வென்றது.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயம் இருக்கிறது. மெலனி வாட் கனடா நாட்டவர். சூசக் ஆஸ்திரேலியர். ஸ்ட்ரவுட் இங்கிலாந்துக்காரர். நியூபெரி, கால்டெகாட் ஆகியவை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டுமே உரியவை. ஆகவே இந்த மூவரும் அவற்றிற்குப் போட்டியிடவே முடியாது. சைபில்ஸ் விதியோ, எழுதியவர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில், அமெரிக்காவிலோ கனடாவிலோ வெளிவந்த புத்தகமா என்று மட்டுமே பார்த்தது. அந்த நாட்டுக் குழந்தை கடைக்குப் போனால் கிடைக்கும் புத்தகம் எதுவோ, அது போட்டிக்கு உரியது. ஒரே ஒரு விதி மாறினால் முடிவுகள் எவ்வளவு மாறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரு வகை விருதுகளும் எப்போதும் எதிரெதிராகவே நிற்கும் என்பதும் இல்லை. "அமெரிக்கன் பார்ன் சைனீஸ்" அதே 2007 ஜனவரியில், அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் நூல்களுக்கு வழங்கும் பிரின்ட்ஸ் விருதையும் பெற்றது. அந்த விருதைப் பெற்ற முதல் படக்கதை நாவல் அதுதான். நீல் கெய்மனின் "தி கிரேவ்யார்ட் புக்" 2009 ஆம் ஆண்டின் நியூபெரி பதக்கத்தையும், அதே பிப்ரவரியில் சைபில்ஸ் விருதையும் பெற்றது.

படிக்கும் சுமையைக் கணக்கிடுவோம்

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். சைபில்ஸின் சில பிரிவுகளில் முன்மொழிவுகள் நூற்றைத் தாண்டின. ஓர் உதாரணம் எடுத்துக் கொள்ளலாம். 120 புத்தகங்கள், 6 நடுவர்கள், 70 நாட்கள். எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்றால், ஒருவர் 14 மணி நேரத்திற்கு ஒரு புத்தகம் முடிக்க வேண்டும். தூங்கும் நேரமும் இதில் அடக்கம்! நடக்கிற காரியமா?

ஒரு புத்தகத்தைக் குறைந்தது இருவர் படித்தால் போதும் என வைத்துக் கொண்டால், மொத்தம் 240 வாசிப்புகள். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 40 புத்தகங்கள். பத்து வாரத்தில் வாரத்திற்கு 4. கஷ்டம்தான், ஆனால் சாத்தியம். யார் எதைப் படித்தார், எது இன்னும் யார் கையிலும் போகவில்லை என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்தால் ஒரு வாரத்தில் குழம்பிவிடும். இங்கேதான் ஸ்ப்ரெட் ஷீட் கை கொடுக்கிறது.

உங்கள் வீட்டில் 120 புத்தகங்கள் வேண்டாம். உங்கள் பிள்ளைகள், அவர்களின் நண்பர்கள், பக்கத்து வீட்டார் என ஐந்து பேர், பத்து புத்தகங்கள் போதும். நூலகத்திலிருந்தும் எடுத்து வரலாம்.

முதல் ஷீட்: பட்டியல்

எக்ஸெல்லைத் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றை எடுத்துக் கொள்ளவும். கீழே "ஷீட் 1" என்று இருக்கும் டேபில் டபுள் கிளிக் செய்து, "பட்டியல்" எனப் பெயர் கொடுக்கவும். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்திடவும்: புத்தகம், ஆசிரியர், பதிப்பகம், வெளியான தேதி, முன்மொழிந்தவர், தகுதி.

பின்னர் "வியூ" டேபில் "ப்ரீஸ் பேன்ஸ்" என்பதில் கிளிக் செய்து, "ப்ரீஸ் டாப் ரோ" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இனி எவ்வளவு கீழே சென்றாலும் தலைப்பு வரிசை கண்ணை விட்டு மறையாது.

"வெளியான தேதி" என்ற தலைப்பு சாதாரணமாகத் தோன்றும். ஆனால் தகராறு வரும் இடம் இதுதான். சைபில்ஸ் பின்னாளில், முந்தைய ஆண்டு அக்டோபர் 16 முதல் நடப்பு ஆண்டு அக்டோபர் 15 வரை வெளியானவை என்று எல்லை வைத்தது. ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று வைத்தால், நவம்பரில் வெளிவரும் புத்தகத்தின் கதி என்ன? அக்டோபரில் முன்மொழிவு முடிந்துவிடும். அடுத்த ஆண்டு அது பழைய புத்தகம் ஆகிவிடும். இரண்டிலும் சேராமல் நடுவே விழுந்துவிடும். அதே போல, "தி புக் தீப்" ஆஸ்திரேலியாவில் 2005 ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் 2006 ஆம் ஆண்டிலும் வெளிவந்தது. எந்தத் தேதியைக் கணக்கில் எடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், கடைசியில் சண்டைதான். நீங்களும் தேதி விதியை முதல் நாளே எழுதி வைக்கவும்.

ஒரே புத்தகம் இரண்டு முறை பட்டியலில் வந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். "புத்தகம்" நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, "ஹோம்" டேபில் "கண்டிஷனல் பார்மட்டிங்", அதில் "ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்", அதில் "டூப்ளிகேட் வேல்யூஸ்" எனச் செல்லவும். இரு முறை வந்த பெயர்கள் நிறம் மாறிக் காட்டப்படும். ஒரு எச்சரிக்கை: ஒருவர் பெயரின் நடுவே ஓர் ஒற்றை விட்டு டைப் செய்தாலோ, கூடுதலாக ஒரு ஸ்பேஸ் தட்டினாலோ, எக்ஸெல் அதனை வேறு புத்தகம் என்றே எடுத்துக் கொள்ளும். எனவே ஒருமுறை கண்ணாலும் பார்த்துவிடவும்.

இரண்டாவது ஷீட்: மதிப்பெண்

பிளஸ் அடையாளத்தில் கிளிக் செய்து இன்னொரு ஷீட் உருவாக்கி, "மதிப்பெண்" எனப் பெயரிடவும். ஏ நெடுவரிசையில் புத்தகத்தின் பெயர். பி முதல் எஃப் வரை ஐந்து நடுவர்களின் மதிப்பெண்கள். 1 முதல் 5 வரை. ஜி நெடுவரிசைக்குச் "சராசரி", எச் நெடுவரிசைக்குக் "குறைந்தது", ஐ நெடுவரிசைக்குப் "படித்தவர்" எனத் தலைப்பு தரவும்.

ஜி2 செல்லில் கர்சரை வைக்கவும். "ஹோம்" டேபின் வலது கோடியில் "ஆட்டோசம்" என்ற பட்டன் உள்ளது. அதன் அருகே உள்ள சிறிய அம்புக்குறியில் கிளிக் செய்தால் சம், ஆவரேஜ், கவுண்ட் நம்பர்ஸ், மேக்ஸ், மின் என ஒரு பட்டியல் விரியும். "ஆவரேஜ்" தேர்ந்தெடுக்கவும். எந்த செல்களைக் கணக்கில் எடுக்கிறது என்பதை எக்ஸெல் கோடிட்டுக் காட்டும். அதனை அப்படியே நம்ப வேண்டாம். மவுஸால் பி2 முதல் எஃப்2 வரை இழுத்துக் காட்டிய பின்னர் என்டர் தட்டவும்.

எச்2 செல்லில் இதே போல "மின்", ஐ2 செல்லில் "கவுண்ட் நம்பர்ஸ்" அமைக்கவும். இங்கேயும் பி2 முதல் எஃப்2 வரை நீங்களே இழுத்துக் காட்டுவது அவசியம். விட்டுவிட்டால், பக்கத்தில் இருக்கும் சராசரியையும் ஒரு நடுவரின் மதிப்பெண்ணாக எண்ணி எக்ஸெல் சேர்த்துக் கொள்ளும். பின்னர் இந்த மூன்று செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால், எல்லாப் புத்தகங்களுக்கும் பார்முலா பரவிவிடும்.

படிக்காத புத்தகத்திற்கு என்ன மதிப்பெண் போடுவது? எதுவும் போடக் கூடாது. செல்லைக் காலியாக விடவும். ஒரு புத்தகத்தை மூவர் படித்து ஆளுக்கு 4 கொடுத்தால் சராசரி 4. படிக்காத இருவருக்கும் பூஜ்யம் போட்டு வைத்தால், அதே புத்தகத்தின் சராசரி 2.4 ஆகிவிடும். "ஆவரேஜ்" பங்ஷன் காலி செல்லை விட்டுவிடும், பூஜ்யத்தை விடாது. யாரும் குறை சொல்லாத ஒரு புத்தகம், பூஜ்யம் போட்ட ஒரே காரணத்தால் வெளியேறிவிடும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஒருவர் மட்டும் படித்து 5 கொடுத்தால் சராசரி 5. அது உச்சியில் போய் நிற்கும். இதற்காகத்தான் "படித்தவர்" என்ற நெடுவரிசை. குறைந்தது மூவர் படிக்காத புத்தகத்தைக் குறும்பட்டியலில் பேசுவதில்லை என்று விதி வைத்துக் கொள்ளவும்.

சராசரி மட்டும் போதுமா?

பாடத்தில் மிக முக்கியமான இடம் இது. இரண்டு புத்தகங்களை எடுத்துக் கொள்வோம். முதல் புத்தகத்திற்கு வந்த மதிப்பெண்கள் 5, 5, 5, 1, 2. இரண்டாவதற்கு 4, 4, 4, 3, 3. கூட்டிப் பார்த்தால் இரண்டுமே 18, சராசரி 3.6. எக்ஸெல்லைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்று. ஆனால் இரண்டும் ஒன்றா? முதல் புத்தகம் மூவரை ஆட்டிப் படைத்திருக்கிறது, இருவரைத் துரத்தியிருக்கிறது. இரண்டாவது யாரையும் தொந்தரவு செய்யவில்லை; யாரையும் ஆட்கொள்ளவும் இல்லை.

"குறைந்தது" என்ற நெடுவரிசை இந்த வித்தியாசத்தைக் காட்டிக் கொடுக்கும். முதல் புத்தகத்திற்கு 1, இரண்டாவதற்கு 3. இதைக் கொண்டு எது சிறந்தது என்று முடிவு செய்யக் கூடாது. எதைப் பற்றி அதிகம் பேச வேண்டும் என்று முடிவு செய்யலாம். சைபில்ஸ் நடுவர்கள் பேசித்தான் முடிவெடுத்தார்கள். எக்ஸெல் கூட்டிக் கொடுக்கும், தீர்ப்புச் சொல்லாது.

எங்கள் தெருப் பிள்ளைகளையும் அவர்களது பெற்றோரையும் வைத்து இதனைச் செய்து பார்த்தேன். பெரியவர்கள் மூவரும் 5 கொடுத்த ஒரு புத்தகத்திற்கு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி 1 போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "கடைசியில் தாத்தா இறந்துபோகிறார். யாரும் அந்தப் பையனிடம் சொல்லவே இல்லை. அதைப் பற்றி ஒருவரும் பேசாமல் கதை முடிந்துவிட்டது" என்றாள். பெரியவர்கள் நயமான முடிவு என்று பாராட்டிய இடம் அதுதான். அவள் சொன்ன பிறகு அவளுடைய அப்பா புத்தகத்தை மறுபடி எடுத்துக் கடைசிப் பத்து பக்கங்களைப் படித்தார். மதிப்பெண்ணை அவர் மாற்றவில்லை; அவளும் மாற்றவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைச் சிறு பிள்ளைகளுக்குத் தரும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக் கொண்டோம். அந்த 1 இல்லாவிட்டால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

சைபில்ஸ் நடுவர்கள் பெரியவர்களே. பிள்ளைக்குப் பிடிக்குமா என்பதை அவர்கள் தம் அனுபவத்திலிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது. வீட்டில் நடத்தும் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பிள்ளையையே கேட்டுவிடலாம். ஐந்து நடுவர்களில் இருவராவது பிள்ளைகளாக இருக்கட்டும்.

இரண்டு அளவுகோல்களை எப்படிச் சேர்ப்பது?

எழுத்துத் தரம், ஈர்ப்பு என்ற இரண்டிற்கும் தனித்தனி மதிப்பெண் போட விரும்புபவர்கள், "மதிப்பெண்" ஷீட்டை நகல் எடுத்து இரண்டு ஷீட்களாக வைத்துக் கொள்ளலாம். இரண்டு சராசரிகளையும் மூன்றாவது ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதவும். ஆனால் இரண்டையும் கூட்டிவிட வேண்டாம். தரத்தில் 5, ஈர்ப்பில் 2 பெற்ற புத்தகமும், இரண்டிலும் 3.5 பெற்ற புத்தகமும் கூட்டினால் 7 என்றே வரும். பிள்ளை பாதியில் மூடி வைக்கும் புத்தகத்தைத் தரம் தூக்கிக் கொண்டு போய்விடும்.

கூட்டுவதற்குப் பதில் வடிகட்டவும். தலைப்பு வரிசையில் கர்சரை வைத்து, "டேட்டா" டேபில் "பில்டர்" கிளிக் செய்திடவும். ஒவ்வொரு தலைப்பின் அருகிலும் அம்புக்குறி தோன்றும். தரத்தின் அம்புக்குறியில் கிளிக் செய்து, "நம்பர் பில்டர்ஸ்", அதில் "கிரேட்டர் தேன் ஆர் ஈக்வல் டு" தேர்ந்தெடுத்து 3.5 என டைப் செய்திடவும். ஈர்ப்பிற்கும் அவ்வாறே செய்திடவும். இரண்டு வாசலையும் தாண்டிய புத்தகங்கள் மட்டும் திரையில் நிற்கும். மற்றவை அழியவில்லை, மறைந்துள்ளன. "கிளியர்" கொடுத்தால் திரும்ப வரும்.

வரிசைப்படுத்த விரும்பினால், "டேட்டா" டேபில் "சார்ட்" பயன்படுத்தவும். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால், எக்ஸெல் ஒரு கேள்வி கேட்கும். அதில் "எக்ஸ்பாண்ட் த செலக்ஷன்" என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால், மதிப்பெண்கள் மட்டும் இடம் மாறி, ஒரு புத்தகத்தின் மதிப்பெண் இன்னொரு புத்தகத்தின் எதிரே போய் உட்கார்ந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் உடனே கண்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்தவும்; பழைய நிலை திரும்பும்.

ஒருவர் மதிப்பெண் மற்றவருக்குத் தெரியலாமா?

கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தினால், "ஷேர்" பட்டன் மூலம் எல்லோரும் ஒரே பைலில் எழுதலாம். வசதிதான். ஆனால் முதலில் மதிப்பெண் போட்டவர் வீட்டின் பெரியவர் என்றால், அவர் போட்ட 5 ஐப் பார்த்த பிள்ளை 2 போடத் தயங்கும். எனவே, கூகுள் பார்ம்ஸில் எளிய படிவம் ஒன்று தயாரித்து, ஒவ்வொருவரும் தனியே நிரப்பும்படி செய்திடலாம். விடைகள் உங்களுடைய ஷீட்டில் வந்து சேரும். எல்லோரும் முடித்த பின்னர் திறந்து காட்டவும். பேச்சு அதற்குப் பிறகுதான்.

மதிப்பெண்ணுடன் இரண்டு வரி

எண் மட்டும் போட்டால் போதாது. சைபில்ஸ் நடுவர்கள் அடிப்படையில் விமர்சனம் எழுதுபவர்கள். நான் பரிந்துரைக்கும் எளிய அமைப்பு இது: கதை எதைப் பற்றியது என்று இரண்டு வரி, முடிவைச் சொல்லக் கூடாது. எந்த வயதினருக்கு, எந்தச் சுபாவம் உள்ள பிள்ளைக்குப் பிடிக்கும் என்று ஒரு வரி. எது பிடிக்கவில்லை, ஏன் என்று ஒரு வரி. பின்னட்டையில் உள்ளதைப் பார்த்து எழுதினால் அது விமர்சனம் ஆகாது, விளம்பரம்.

விளம்பரம் என்றவுடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிப்பகங்கள் இத்தகைய விமர்சகர்களுக்கும் நடுவர்களுக்கும் இலவசப் பிரதிகள் அனுப்புவது வழக்கம். அதில் தவறில்லை, அத்தனை புத்தகங்களையும் சொந்தக் காசில் வாங்க முடியாது. ஆனால் படிப்பவருக்கு அது தெரிய வேண்டும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2009 அக்டோபரில் தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தியது. பொருளை இலவசமாகப் பெற்று இணையத்தில் பரிந்துரைப்பவர்கள் அந்தத் தொடர்பைத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2009 டிசம்பர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. நீங்கள் எழுதும் விமர்சனத்திலும், புத்தகம் விலைக்கு வாங்கியதா, நூலகத்தில் எடுத்ததா, நண்பர் எழுதி அனுப்பியதா என ஒரு வரி சேர்க்கவும். நண்பரின் புத்தகம் என்றால் மதிப்பெண் செல்லைக் காலியாக விட்டுவிடுவதே முறை.

சேமிக்க மறக்க வேண்டாம்

வாரம் ஒரு முறை பைலை "சேவ் ஆஸ்" கொடுத்து, பெயரின் இறுதியில் தேதியைச் சேர்த்துத் தனி நகல் எடுத்து வைக்கவும். பேசிய பின்னர் சிலர் மதிப்பெண்ணை மாற்றுவார்கள். மாற்றட்டும், அதற்காகத்தான் பேசுகிறோம். ஆனால் முதலில் என்ன போட்டார்கள் என்பதும் இருக்க வேண்டும். எந்தப் புத்தகம் யார் மனதை மாற்றியது என்று பிறகு பார்க்கும்போது, அதுவே சுவையான படிப்பாக இருக்கும்.

இந்த விடுமுறையில் பத்து புத்தகங்களுடன் தொடங்கவும். முதலில் செய்ய வேண்டியவை மூன்று: தேதி விதியை எழுதுங்கள், "பட்டியல்" ஷீட்டை உருவாக்குங்கள், நடுவர்களில் பிள்ளைகளைச் சேருங்கள். முடிவில் கிடைக்கும் குறும்பட்டியலை அச்செடுத்து, உங்கள் பகுதி நூலகரிடமோ பள்ளியிடமோ கொடுக்கலாம். அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது, பிள்ளைகள் படித்துப் பார்த்துச் சொன்ன பட்டியல் ஒன்று அவர்கள் மேஜையில் இருக்கும்.